பதினோராவது இடத்து வண்டி

"பதினோராவதா வந்த வண்டி மேல புகாரா? யாரு கொடுத்தது? பேரைச் சொல்லுங்க!"

ஃபிர்மின் டாலமான்ஸ் போட்ட சத்தத்தில், மணல் தடத்தின் ஓரம் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தவரின் கரண்டி நின்றுவிட்டது. எழுபத்தொரு வயதிலும் முதுகு வளையாத மனிதர். மூன்று தலைமுறையாக மோட்டோகிராஸ் பைக் பந்தயம் ஓட்டும் குடும்பம். தோற்றிருக்கிறார்கள், எலும்பை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு டாலமான்ஸைத் திருடன் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

"எஞ்சினை அளந்த பிறகுதான் பேர் சொல்லணும் பெரியவரே, அதுதான் விதி" என்றார் அதிகாரி மார்லேன். "இந்த ரேஸ்ல ஓடின யார் வேணும்னாலும், எந்த வண்டி மேலயும் எழுதிக் கொடுக்கலாம். உங்க பேத்தி வண்டியைத் திறந்து சிசி அளக்கணும்னு கேட்டிருக்காங்க."

"திருட்டு சிசியா? எங்க வண்டியிலயா? ரெண்டு வருஷமா இந்த எஞ்சினை நான் திறந்ததே கிடையாதும்மா!"

"இருபது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை பிஸ்டன் மாத்தணுமே?"

"அதெல்லாம் கஞ்சப்பயலுங்களுக்கு. இருபது லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் எண்ணெய். தாராளமா ஊத்துவேன். பிஸ்டனுக்கு ஆயுசு நூறு!"

"அதான் உங்க வண்டி பின்னாடி வந்த பசங்க எல்லாம் இருமிக்கிட்டே வந்தாங்களா?"

மகன் யோரிஸ் அவர் தோளைத் தொட்டான். "விடுங்கப்பா. திறக்க வேணாம். திறக்கலைன்னா தகுதி நீக்கம், அவ்வளவுதானே? பேசாம வீட்டுக்குப் போயிடுவோம். ஊரு நாலு நாள் பேசும், அப்புறம் மறந்துடும்."

"என்ன பேசும்?"

"டாலமான்ஸ் பயந்து ஓடிட்டான்னு."

ஃபிர்மின் கோட்டைக் கழற்றினார்.

"ஸ்பேனரை எடு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள், பதினொரு வயதுப் பேத்தி ஃபென்னா பத்தாம் நம்பர் ஸ்பேனரை நீட்டினாள். பெட்டியில் மற்றவையும் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. நம் ரத்தம் அல்லவா, என்று ஃபிர்மினுக்குப் பெருமையாக இருந்தது.

கூட்டம் கூடியது. பெட்ரோல் டேங்க் இறங்கியது. சைலன்சரைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய் அவர் வெள்ளைச் சட்டையில் ஒழுகியது. அவர் துடைக்கவில்லை. சிலிண்டரை உருவி மேசையில் வைத்துவிட்டு, கைகட்டி நிமிர்ந்து நின்றார்.

மார்லேன் குறுக்களவு எடுத்தார். "நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர்." பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தார். "நாப்பது புள்ளி எட்டு. அறுபத்தஞ்சு சிசிக்கு உள்ளதான். வண்டியில ஒரு தப்பும் இல்ல."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்று ஃபிர்மின் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார்.

"இருங்க, முடியல." மார்லேன் பிஸ்டனைத் தூக்கிக் காட்டினார். பக்கவாட்டில் கருகியிருந்தது. அதைச் சுற்றியிருந்த ஒரு ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. "இதை வச்சுக்கிட்டா இந்தப் பொண்ணு பதினோராவது வந்தா? சைக்கிளை மிதிச்சிருந்தா ஏழாவது வந்திருப்பாளே!"

கூட்டம் சிரித்தது. ஃபிர்மினின் காது சிவந்தது.

"இதோட மறுபடி மூட விடமாட்டேன். வேகத்துல போகும்போது சிக்கிக்கிட்டா புள்ளை தூக்கி எறியப்படுவா. புது பிஸ்டன் இருந்தா மூணு மணிக்கு அடுத்த ரேஸ். இல்லைன்னா வீடு."

"ஞாயித்துக்கிழமை புது பிஸ்டனுக்கு நான் எங்கம்மா போவேன்?"

ஃபென்னா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ரொட்டிக்கு அடியில், உறை பிரிக்காத பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் இருந்தன.

"இது எப்படிடி உன்கிட்ட?"

"சும்மா... வச்சிருந்தேன் தாத்தா."

அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. நாற்பது நிமிடத்தில் எஞ்சினை மூடினார். கிக்கரை ஒரு உதை. வண்டி புதுசு போலச் சீறியது. கூட்டம் கைதட்ட, மார்லேனிடம் நிமிர்ந்து நடந்தார்.

"அளந்தாச்சு. இப்போ பேரைச் சொல்லுங்க. எங்க குடும்பப் பேரைக் கெடுக்கப் பார்த்தவன் முகத்தை நான் பார்க்கணும்."

மார்லேன் உதட்டைக் கடித்துக்கொண்டு படிவத்தை நீட்டினார்.

புகார் கொடுப்பவர்: ஃபென்னா டாலமான்ஸ். பெற்றோர் கையொப்பம்: யோரிஸ் டாலமான்ஸ். காரணம்: வேறு எதற்கும் தாத்தா எஞ்சினைத் திறக்க மாட்டார்.