முதல் பக்கத்தில் லத்தீன்

"கோட்டில வழக்குப் பேசின அப்புக்காத்தாயும் ஆமியில கப்டனாயும் இருந்தவர் என்ர அப்பப்பா சந்தியாப்பிள்ளை. எங்கட பரம்பரையை ரொறொன்ரோவில எல்லாரும் அறியவேணும்," என்றார் றெமிஜியஸ்.

அவர் எழுதிய பரம்பரை வரலாற்றுப் புத்தகத்தை வடிவமைக்க வந்த கிளிபோட் கூலியே வேண்டாம் என்றுவிட்டான். ஒரேயொரு யோசனைதான் சொன்னான்.

"கப்டன்ர ஞானஸ்நானப் பதிவை ஊர்க் கோயில்ல இருந்து எடுப்பிச்சிட்டன், அங்கிள். லத்தீன்ல இருக்கு. முதல் பக்கத்தில போடுவமே?"

"லத்தீனோ? பெரிசாப் போடும் தம்பி."

வெளியீட்டு விழாவில் டோர்செட் பார்க் மண்டபம் நிறைந்திருந்தது. றெமிஜியஸ் மைக்கைப் பங்குக் கோயில் சுவாமியிடம் நீட்டினார்.

"உந்த முதல் பக்கத்தை வாசிச்சுத் தமிழில கருத்துச் சொல்லுங்கோ, சுவாமி."

சுவாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பிள்ளையின் பெயர் சந்தியாப்பிள்ளை. தகப்பன், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமைக்கிற குசினிக்காரன்."

வெளிறிப்போன றெமிஜியஸின் காதருகே, குருமடத்தில் இரண்டு வருசம் லத்தீன் படித்த கிளிபோட் குனிந்தான்.

"இருபது வருசத்துக்கு முந்தி உங்கட மகள் ஸ்டெபனியைப் பொம்பிளை கேட்டு வந்தது நான்தான், அங்கிள். குசினிக்காரன்ர மோனுக்கு என்ர மகளோ எண்டு, முகத்தைக்கூடப் பாக்காமக் கதவைச் சாத்தினியள். இப்ப பாருங்கோ, நாங்கள் ரெண்டுபேரும் ஒரே பரம்பரை."