மூன்றாம் தொட்டி

நான்கு நாட்களாக யாரும் மிதிக்காத மூன்றாம் தொட்டியின் முன்னால் தோட்டத்தின் கிழ முதலாளி தோன் எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

பினோ நுவார் தோல் மெல்லிய ஒயின் திராட்சை. இயந்திரத்தில் போட்டு அரைத்தால் கசந்துவிடும். இந்தக் கரையில் ஆள் இறங்கிக் காலால்தான் மிதிப்பார்கள்.

கடைசியாக இறங்கியவன் அவருடைய மகன் ரெனே.

அன்று பசிபிக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்த ஏப்ரல் காலை. குளிரில் நொதிப்பு நின்றுவிடக் கூடாதென்று கொட்டகையின் கதவுகளை அடைத்திருந்தார்கள். நொதிக்கும் சாற்றிலிருந்து எழும் நச்சுக்காற்று கண்ணுக்குத் தெரியாது; கனத்துப்போய்த் தொட்டிக்குள்ளேயே தேங்கும். அதனால்தான் முதலில் ஒருவர் மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குவார். சுடர் அணையாமல் நின்றால் 'எரியுது' என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகே மிதிப்பவர் கால் வைப்பார்.

ரெனேயை வெளியே தூக்கியபோது மெழுகுவர்த்தி அணைந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்.

கிழவர் அதை ஏற்கவில்லை. அன்று அவர் பீப்பாய் வாங்க சான் அந்தோனியோ துறைமுகத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மகனின் உடலருகே இருந்தவர்கள் இரண்டே பேர். மருமகள் யாஸ்னா. இருபது வருடமாகத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓதிலியோ.

அந்த இரண்டு பேரைத்தான் இப்போது எதிரே நிறுத்தியிருந்தார்.

"குரல் கேக்காம என் பையன் கால வைக்க மாட்டான். யாரோ சொல்லியிருக்கீங்க. சொன்னது யாரா இருந்தாலும் இனிமே என் மண்ணுல சோறு திங்கக் கூடாது. சொந்தம், வேத்தாள்னு பாக்க மாட்டேன்."

யாஸ்னா தரையைப் பார்த்தாள். மேல் வீட்டில் அவளுடைய நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அது கிழவரின் வீடு.

"நான்தான் சொன்னேன், தோன் எவாரிஸ்தோ," என்றான் ஓதிலியோ.

"பாத்துட்டுச் சொன்னியா?"

"பாக்கல."

"மேட்டுல நின்னுகிட்டு நடுக்கடல்ல போற படகுல எத்தன பேருன்னு எண்ணுவியேடா. கையெட்டுற தூரத்துல ஒரு மெழுகுவத்தி தெரியலையா ஒனக்கு?"

"அஞ்சு நாளா எரிஞ்சுது. ஆறாம் நாளும் எரியும்னு நெனச்சுட்டேன்."

கிழவர் கை ஓங்கவில்லை. கதவை மட்டும் காட்டினார்.

ஓதிலியோ சுவரில் மாட்டியிருந்த கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டான். யாஸ்னாவைக் கடக்கும்போது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"எனக்கு ஊர்ல அக்கா வீடு இருக்கு. உங்களுக்கு எங்க இருக்கு?"

அந்தக் காலையில் அவன் கொட்டகையிலேயே இல்லை. கொடிகளின் மேல் விரித்த பறவை வலையை இழுத்துக்கட்ட மேல் சரிவுக்குப் போயிருந்தான். அவளுடைய அலறல் கேட்டுத்தான் ஓடி வந்தான்.

அவள்தான் கம்பியை இறக்கினாள். விறைத்துப்போன விரல்களை வாயருகே குவித்து ஊதிக்கொண்டே, தொட்டிப் பக்கம் திரும்பாமல், 'எரியுது' என்றாள். ஏன் அப்படிச் செய்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஓதிலியோ அவளைக் கேட்காமலேயே அந்தக் காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டான்.

வெளியே சரளைக் கல்லில் அவனுடைய காலடி தேய்ந்து மறைந்தது.

கிழவர் தொட்டியின் குழாயைத் திருகி ஒரு குவளை பிடித்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துத் துப்பினார். வெளிச்சத்தில் குவளையைத் தூக்கினார். மறுபக்கத்தில் இருந்த அவர் விரல்கள் தெரியுமளவுக்கு மெல்லிய சிவப்பு.

"என் நாக்கு செத்துப்போச்சும்மா. தண்ணியும் இதுவும் ஒண்ணாத்தான் இருக்கு. நாலு நாளா மிதிக்காம கெடந்துருக்கு. புளிச்சிருந்தா இப்பவே சாக்கடையில தொறந்து விட்டுடுறேன். நல்லா இருந்தா அவன் பேர் போட்டு பீப்பாயில ஊத்தி வைப்போம். நீ சொல்றதுதான்."

குவளையை நீட்டினார்.

"நல்லா இருக்கு மாமா," என்றாள் யாஸ்னா.

குவளை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.