ஒற்றைக் கையால் ஒரு பீரோ

"மாமா, பீரோ நகர்ந்துச்சா, இல்ல நீங்க நகர்ந்தீங்களா?"

கடப்பாரையோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்திருந்த அறிவியல் வாத்தியார் மைத்துனனை முறைத்தார். இரும்பு பீரோ இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்தான் இரண்டடி நகர்ந்திருந்தார்.

கீழ் அறைச் சுவரில் ஈரம் ஏறிவிட்டது. பீரோவை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். நாலு ஆளைக் கூப்பிடலாம் என்று மைத்துனன் சொன்னதும், முப்பது வருடமாக நெம்புகோலையும் கப்பியையும் கரும்பலகையில் வரைந்தே தேய்ந்தவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒற்றைக் கையால் ஏற்றிக் காட்டுவதாகவும், முடியாவிட்டால் தான் நடத்திய பாடமெல்லாம் வெறும் கதை என்று ஒப்புக்கொள்வதாகவும் சொல்லித் தொலைத்துவிட்டார். நிஜக் கப்பி ஒன்றை அவர் தொட்டதே கிடையாது என்பது தனி விஷயம்.

"என்னங்க, குடலிறக்க ஆபரேஷன் பண்ணி ஆறு மாசம்கூட ஆகல. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்றாள் மனைவி. "உள்ள இருக்கிறதையாவது எடுத்துடுங்க. பூரா உங்க பழைய வினாத்தாள் கட்டு."

"காலி பண்ணிட்டுத் தூக்கறதுக்கு அறிவியல் எதுக்கு? கடப்பாரை நீளம் பத்தல, அவ்வளவுதான்."

கடைக்குப் போய் நீளமான கடப்பாரை, நாலு கப்பி, முப்பது மீட்டர் கயிறு வாங்கிவந்தார். முற்றத்தில் உட்கார்ந்து, அம்புக்குறியெல்லாம் போட்டுப் படம் வரைந்தார்.

"பாருடா மச்சான். கப்பி இருந்தா பலம் கொஞ்சமாப் போதும். ஆனா கயிறை அதிக தூரம் இழுக்கணும். சும்மா எதுவும் கிடைக்காது."

மேலே துண்டு போர்த்திய பக்கெட்டோடு மனைவி மாடிப்படி ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

"முட்டி வலிங்கிறே, எத்தனை தரம் ஏறுவே? உனக்கும் ஒரு கப்பி கட்டித் தரட்டுமா?"

"துணி நிறைய சேர்ந்துபோச்சுங்க" என்றாள் மூச்சு வாங்க.

மதியம் புதுக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். பீரோ சமர்த்தாக நகர்ந்தது. உருளைக் குழாய்கள்மேல் வழுக்கி முற்றத்துக்கு வந்தது. பால்கனி உத்திரத்தில் கப்பிகளை மாட்டிக் கயிறு கட்டினார்கள். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் இழுத்தார் வாத்தியார். பீரோ மெல்ல மெல்ல பால்கனிக்கு ஏறியது. அவருக்கே நம்ப முடியவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளாமல் இழுத்தார்.

பீரோவை உள்ளே தள்ளிவிட்டு இறங்கிவந்த மைத்துனன், அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "தோத்துட்டேன் மாமா. நீங்க நடத்தினதெல்லாம் பாடம்தான்."

சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மாடிக்குப் போனார் வாத்தியார். தன் சாதனையைத் தடவிப் பார்த்தார். ஆசையாகக் கதவைத் திறந்தார்.

ஒரே ஒரு பாச்சை உருண்டை உருண்டுவந்து அவர் காலடியில் விழுந்தது.

திரும்பினார். மாடிப் பின்னறைச் சுவரோரம் முப்பது வருட வினாத்தாள் கட்டுகள் இடுப்புயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. உச்சியில் அந்தத் துண்டு. பக்கத்தில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"நீங்கதானே சொன்னீங்க, தூரம் கூடும்னு. அதை நான் நடந்துட்டேன்."

வாத்தியார் தைலப் புட்டியை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தேய்க்க ஆரம்பித்தார்.