நார்வே முறைக் கணக்கு

கிட்ட வாங்க, கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு ஏமாற்றுக்காரன் கதை சொல்கிறேன். அவன் யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் 'மறைச்சிட்டியே' என்று என் மேல் பாயக் கூடாது.

அவன் பெயர் உத்தமன். பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார்கள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்கள் பெங்களூரில் பெருகிவிட்டார்கள் அல்லவா? அவர்களுக்குப் பாடத்திட்டம் விற்பது உத்தமனின் தொழில். பழைய கணக்குப் புத்தகங்களை எடைக்கு வாங்குவான். ஜெராக்ஸ் எடுத்து, 'நார்வே முறை' என்று வழவழ அட்டை போட்டு, மரப்பெட்டியில் அடுக்குவான். நார்வே எந்தத் திசையில் இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது. வாங்கியவர்களும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவன் போனது எலெக்ட்ரானிக் சிட்டியில், மேம்பாலத்தைப் பார்த்தபடி நிற்கிற ஓர் அடுக்குமாடிக்கு. ஆறாவது மாடியில் சங்கமித்ராவின் வீடு. மகள் இளவேனிலுக்கு ஒன்பது வயது, மகன் கௌதமுக்கு ஏழு. புருஷன் காலையிலேயே கம்பெனி வண்டியில் போயாயிற்று. அந்தக் கட்டடத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் சங்கமித்ராதான் அட்மின். அவள் ஒருத்தி தலையாட்டினால் குழுவில் உள்ள அத்தனை வீடும் விழும். விழுந்தால், இந்தப் பெட்டி தூக்கும் பிழைப்பை விட்டுவிட்டு ஓசூரில் சொந்தமாகக் கடை போட்டுவிடலாம். அதற்காகத்தான் இஸ்திரி போட்ட சட்டை.

"வாங்க சார், உக்காருங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே புரியலை சார். ஒருத்தங்க மாண்டிசோரிங்கறாங்க. இன்னொருத்தங்க புக்கே வேணாம், பார்க்ல விட்டா தானா கத்துக்கும்ங்கறாங்க. தலை சுத்துது."

'புரியலை' என்ற சொல்லைக் கேட்டாலே உத்தமனுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

"அதுக்குத்தானே மேடம் நான் இருக்கேன். நார்வேல எந்தப் பிள்ளையும் அழுதுகிட்டுப் படிக்கறதில்ல."

"ஹவுதா! அப்படியா!" சங்கமித்ரா கன்னடம் கலந்து கண்ணை விரித்தாள். "ஆனா எங்க வீட்டுக்காரர் கேப்பாரு சார், பிள்ளைங்களுக்கு ஒத்துக்குமான்னு பாக்காம எப்படி வாங்கினேன்னு. கௌதமுக்குக் கடன் வாங்கிக் கழிக்கறது வரவே மாட்டேங்குது. அத மட்டும் ஒரு டெமோ காட்டிடுங்களேன்."

மீன் புழுவை மோந்து பார்க்கிறது, அவசரப்படாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான் உத்தமன். திரும்பிப் பார்த்தால், பிள்ளைகள் இரண்டும் நோட்டும் பென்சிலுமாகப் பாயில் உட்கார்ந்தாயிற்று.

கௌதம் லேசுப்பட்டவன் இல்லை. 53-இலிருந்து 28-ஐக் கழிக்கும் கணக்கை நோட்டில் காட்டினான். "பக்கத்து வீட்டுல கடன் வாங்கினா திருப்பித் தரணும்ல சார்? இந்த மூணு ஏன் திருப்பியே தர மாட்டேங்குது?"

உத்தமன் நார்வே பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தான். தீக்குச்சிகளைக் கேட்டு வாங்கிப் பத்துப் பத்தாகக் கட்டுக் கட்டினான். ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினான். "இது கடனே இல்லடா. நம்ம கட்டைத்தான் பிரிக்கறோம்." புரியவில்லை. இன்னொரு விதமாகச் சொன்னான். அப்புறம் மற்றொரு விதம். திடீரென்று பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. கொடுத்த கணக்கை எல்லாம் கடகடவென்று கழித்துத் தள்ளினான்.

"சார், எனக்குப் பின்னம்" என்றாள் இளவேனில்.

சங்கமித்ரா காபியோடு வந்தாள். "அவளுக்குக் கையில தொட்டுக் காட்டினாத்தான் ஏறும் சார். சப்பாத்தி தரட்டுமா?"

சப்பாத்தியை அரையாக, காலாக, அரைக்காலாக வெட்டி வெட்டிக் காட்டியதில் வியர்த்து, உத்தமனின் இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவன் இப்படி யோக்கியமாக உழைத்ததில்லை.

"பிரமாதம் சார்!" என்றாள் சங்கமித்ரா. "குரூப்ல இப்பவே போட்டுடறேன். ஆனா அவங்கவங்க வீட்டுல பாத்தாத்தான் நம்புவாங்க. நாளைக்கு ஏழாவது மாடியில வீணா வீட்டுக்குப் போறீங்களா? அவ பொண்ணு வாய்ப்பாட்டுல தடுமாறுது. அப்புறம் வியாழக்கிழமை வந்து எங்களுக்கு வகுத்தல் மட்டும் காட்டிட்டீங்கன்னா, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி முடிச்சிடறேன்."

"கண்டிப்பா மேடம்!"

பாவம், நார்வே என்றதும் மயங்கிவிட்டாளே, அந்தப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகுமோ என்று நீங்கள் உச்சுக் கொட்டுவது எனக்குக் கேட்கிறது. கொட்டுங்கள்.

மனசுக்குள் ஓசூர் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டே உத்தமன் லிப்டுக்கு நடந்தான். கதவு திறந்தது. தோளில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் இறங்கினார். பையில் 'டென்சில், ஜப்பான் முறை அறிவியல்' என்று எழுதியிருந்தது. இனம் இனத்தை அறியும். உத்தமன் புன்னகைத்தான்.

"இந்த பில்டிங்குல எத்தனை செட் போச்சு சார்?"

"இன்னும் ஒண்ணும் போகலை மேன். டெமோ நடந்துகிட்டிருக்கு. எல்லா வீட்டுலயும் ஹஸ்பண்டைக் கேட்டுச் சொல்றேன்னிருக்காங்க."

"எப்போலருந்து நடக்குது?"

"போன ஜூன்லருந்து" என்றார் டென்சில். அது பிப்ரவரி மாதம்.

உத்தமன் வாயைத் திறப்பதற்குள், சங்கமித்ராவின் குரல் வராந்தா வரைக்கும் கணீரென்று கேட்டது:

"கணக்கு பீரியட் முடிஞ்சுது, ரெண்டு பேரும் தண்ணி குடிச்சிட்டு ஓடி வாங்க, சயின்ஸ் சார் வந்துட்டாரு!"

உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களும் இப்படியே எதையாவது கொடுத்துவிட்டுப் போகட்டும், கண்ணுங்களா. பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருங்கள்.