பெயர் கழன்ற போத்தல்

ஆண்டின் கடைசி ஞாயிறு, பாரிஸின் லா சப்பல். வீட்டிலேயே காய்ச்சிய பியரில், குரக்கன் என்கிற கேழ்வரகு, பனங்கட்டி என்று வகைக்கு ஒன்றாகப் பதினொரு போத்தல்கள் சமையலறை மேசையில் நிற்கின்றன. ஜன்னலுக்கு எதிரே மேம்பாலத்தில் மெட்ரோ போகும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. நிலவறை ஈரத்தில் பெயர் எழுதி ஒட்டிய தாள்கள் எல்லாமே கழன்றுவிட்டன. துஷ்யந்தன் கிளாஸை மங்கிய வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் குடிக்கிறான். "இந்த வருசம் காய்ச்சினதிலை இதுதான் திறம். வாற வருசம் இதையே காய்ச்சுவம். இது குரக்கன் போட்டதோ, பனங்கட்டி போட்டதோ?" "குரக்கன் எண்டுதான் நினைச்சனான்," என்கிறாள் மனைவி தயாளினி. இழுத்துச் சொல்கிறாள். "சரி, விடும். போத்தலின்ரை அடியிலை ஈஸ்ட் மண்டி கிடக்குந்தானே. அதைப் போட்டே அடுத்ததைக் காய்ச்சினால் இதே ருசி வரும்." குழாயடியில் அவள் கை அப்படியே நிற்கிறது. "ஊத்தின உடனை கழுவவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" கவிழ்த்த போத்தலிலிருந்து சுத்தமான தண்ணீர் சொட்டுகிறது.