ஷீட் ஓடிட்டிருக்கு

"ஓடுற வண்டியை எதுக்கும்மா பிரிச்சுப் போடணும்? அது பாட்டுக்கு ஓடட்டுமே" என்றார் மேனேஜர்.

ஆபீசில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பேர் 'பிரேக்'. எந்தப் புது வேலை வந்தாலும் குறுக்கே நின்று நிறுத்திவிடுவார் என்று பேர் வாங்கியவர்.

"எங்க சார் ஓடுது? நகருது. அதானே பிரச்சினை" என்றாள் புரோகிராமர். தலைமை அலுவலகம் அவளை அனுப்பியதே அதற்குத்தான்.

விஷயம் இதுதான். அது ஒரு மருந்துக் கிடங்கு. கடைகளிலிருந்து தினமும் எக்செல் ஷீட்கள் வரும். ஒரு புரோகிராம் அவற்றைத் திறந்து, வரிவரியாகப் படித்து, கிடங்கின் பெரிய ஷீட்டில் இருப்பை மாற்றி எழுதும். வேலையை விட்டுப் போன பழைய புரோகிராமர் எழுதிக் கொடுத்தது. கம்பைல் செய்து, மெஷினுக்கே நேராகப் புரிகிற பாஷையாக்கிய புரோகிராம் கண் மூடித் திறப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் பிடித்தது.

லாரி கிளம்புவது எப்படியும் சாயந்திரம்தான். தாமதத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் மற்றக் கிடங்குகளில் நொடியில் முடிகிறதே என்று தலைமை அலுவலகத்துக்குப் பொறுக்கவில்லை.

ஷீட் ஓடும்போது யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. நடுவில் திறந்தால் ஃபைல் பாழாகிவிடும். அதனால் ஷீட்டுக்குப் பொறுப்பான கிளார்க் பட்டனைத் தட்டிவிட்டுக் கைப்பையோடு வெளியே கிளம்பிவிடுவாள். கொடுத்து வைத்த மகராசி என்று பக்கத்து சீட்டுகளில் முணுமுணுப்பார்கள். புரோகிராமருக்கும் அது கண்ணை உறுத்தியது.

கம்பைல் ஆன புரோகிராமைத் திறந்தால் மனுஷருக்கு ஒன்றும் புரியாது. பழைய ஆள் கைப்பட எழுதிய மூலம் வேண்டும். மேனேஜரிடம் கேட்டால் எங்கேயோ வைத்தேன் என்றார். பீரோவில் இருக்கும் என்றார். சாவி வீட்டில் என்றார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்ததும், தேடித் தேடியும் கிடைக்காத பென் டிரைவ் அவர் சட்டைப் பையிலிருந்தே வந்தது.

இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

மூலத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுத்தமான வேலை. ஆனால் ஷீட்டில் ஒவ்வொரு வரியை எழுதியதும், 'சும்மா கொஞ்சம் நில், பிறகு அடுத்ததுக்குப் போ' என்று ஒரு கட்டளை. அது தெரியாமல் வந்த தப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து, வேண்டுமென்றே எழுதியிருக்க வேண்டும். சரியான வேலைக்கள்ளன் என்று முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டினாள்.

கட்டளையைத் தூக்கிவிட்டு மறுபடி கம்பைல் செய்தாள். கிளார்க்கைக் கூப்பிட்டு, ஷீட்டின் நகல் ஒன்றில் ஓட்டிக் காட்டினாள். பட்டனிலிருந்து கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இனிமே நீங்க காத்துக் கிடக்கவே வேண்டாம்க்கா."

கிளார்க் முகம் வாடிவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டா, நாளையிலேர்ந்து. ஏன்க்கா?"

தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பின் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம். அங்கே அவளுடைய கைக்குழந்தை. புட்டிப் பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடுகிறது. நடுவில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். விதியில் இடமில்லை, முடியாவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று ஆபீஸ் தபாலிலேயே பதில் வந்ததாம். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. விழி பிதுங்கி நின்றபோதுதான் இந்தப் புரோகிராம் வந்தது. மெஷின் ஓடும்போது சீட்டில் ஆள் இல்லை என்று யாரும் கேட்க முடியாதே.

"வேலைக்கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்குன்னு சொல்லிடுவாங்கன்னு இங்க யார்கிட்டயும் மூச்சு விடலை. பாவம், அந்தத் தம்பிக்கு வேகமா எழுத வரலை போலிருக்கு. எல்லாரும் அவரைத் திட்டினாங்க. நான் மட்டும் தினமும் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டுதான் போவேன். அவர் புண்ணியத்துல என் பொண்ணு வயிறு நிறையுது."

அவருக்கு நன்றாகவே எழுத வரும் என்று சொல்ல வாயெடுத்தாள் புரோகிராமர். நாலு பேர் காதுக்குப் போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

தூக்கிய கட்டளையைத் திரும்ப அதே இடத்தில் போட்டாள். ஒரு நல்லவனை வேலைக்கள்ளன் என்றோமே என்று வெட்கமாக இருந்தது. அவன் செய்ததைத் தொடர்ந்து செய்யத் தன் கைக்கும் கொடுத்து வைத்திருக்கிறதே என்று நிறைவாகவும் இருந்தது. 'ஷீட் பெரியது, அவசரப்படுத்தினால் ஃபைல் கெடும்' என்று ரிப்போர்ட் அடித்தாள்.

அதில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை நாள் அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு, இப்போது அவரிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று குத்திக்காட்டுவார். காட்டட்டும் என்று போனாள்.

"நல்லா பார்த்துட்டேன் சார். இதுக்கு மேல வேகமாக்க வழியில்லை. அரை மணி நேரம் ஆகத்தான் செய்யும்."

மேனேஜர் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காப்பகத்து ஆயாகிட்ட விசாரிச்சேம்மா. குழந்தைக்கு இப்ப சாப்பாடும் ஊட்ட ஆரம்பிச்சாச்சாம். முக்கால் மணி நேரமா ஆக்க முடியுமா பாரு."