ஏழாவது டேக்

விளக்கு அணைந்ததும் நைஜல் மகளின் பக்கம் சாய்ந்தார். "இதுல நான் இருக்கேன் ஹெஸ்டர். சத்தியமா."

"தெரியும்பா. பேசாம பாருங்க."

சத்தியம் செய்ய வேண்டிய நிலைமைக்கு மனிதர் வந்துவிட்டார். அந்த வருடம் அவர் நடித்தது மூன்று படங்கள். முதல் படத்தில் அவருடைய முதுகு வந்தது. மற்ற இரண்டில் அதுவும் இல்லை.

லண்டனில் இதற்கென்று ஒரு மரியாதை உண்டு. படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னால் ஏஜென்ட் போன் செய்து, "வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்பார். உங்களை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். நைஜலுக்கு அப்படி இரண்டு போன்.

மூன்றாவது படத்தில்தான் வயிற்றெரிச்சல் அதிகம். ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவில், செத்தவளுக்காகக் கிழவன் கரையில் நின்று அழும் காட்சி. என்னமாய் அழுதிருந்தார்! பாவிகள், அதையே தூக்கிவிட்டார்கள்.

ஆனால் அந்தப் படம் உருவான விதத்தை ஒருத்தன் ஆவணப்படமாக எடுத்திருந்தான். தீவு முழுக்கக் காமிராவும் கையுமாகத் திரிந்தவன். அவனை யார் கவனித்தார்கள்? "இதுல முழுசா ரெண்டு நிமிஷம் வர்றீங்க. குடும்பத்தோட போங்க" என்று ஏஜென்டே சொன்னார்.

குடும்பம் என்றால் ஹெஸ்டர்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்து அவளை இழுத்து வந்திருந்தார்.

அவர் மனைவி மாரியன் கண்ணை மூடியது அந்தப் படப்பிடிப்பின்போதுதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹெஸ்டர் ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடலில் புயல், படகு விடவில்லை. நைஜல் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரியனின் தங்கைகள் வாய்க்கு வந்தபடி பேசியபோது, "அப்பா என்ன, நீந்தியா வருவாரு?" என்று அவர்கள் வாயை அடைத்தவள் ஹெஸ்டர். ஊரில் எவன் மதித்தால் என்ன, மதிக்காவிட்டால் என்ன, இவள் ஒருத்தி போதும் என்றுதான் நைஜலின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் தீவு வந்தது. நைஜல் வந்தார், முழு முகமாக. அழுதார்.

அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. ஹெஸ்டர் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெருமையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அழுகையின் மேல் அந்தத் தீவுப் படத்தின் இயக்குநருடைய குரல் ஒலித்தது.

"அன்னிக்குக் காலையிலதான் அவர் மனைவிக்குக் கடைசி நேரம்னு போன் வந்துச்சு. படகு ரெடியா நிக்குது, கிளம்புங்கன்னு கெஞ்சினோம். கேக்கலையே மனுஷன்! 'இப்ப விட்டா இந்த அழுகை வராது, முதல்ல இதை எடுத்துடுங்க'ன்னுட்டார். நடிகன்னா அவர்தாங்க."

நைஜலுக்கு வியர்த்துவிட்டது. திரையில் அவருக்குப் பின்னால் கடல் அலையே இல்லாமல் கிடந்தது. படகுக்காரன் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான்.

"ஏழாவது டேக் ஓகே" என்று யாரோ கத்தினார்கள்.

திரையில் இருந்த நைஜல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "இன்னும் ஒண்ணு போயிடலாமா? இதைவிட நல்லா வரும்" என்றார்.

அரங்கம் கைதட்டியது. அந்த வருடத்தில் அவருக்கு விழுந்த ஒரே கைதட்டல்.

ஹெஸ்டரும் கையை உருவிக்கொண்டு தட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை.